முப்பத்தைந்தாவது பெயர்

குலசிங்கம் சார் காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்து அது. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த செம்மண்ணுக்குள் 'சளக்' என்று கணுக்கால்வரை போனது. அடுத்த காலையும் வைப்பதா, அப்படியே காருக்குள் திரும்பிவிடுவதா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

எதிரே ஒரு தோட்டமே வரிசையில் நின்றது.

வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். தீபாவளிக்குத் தைத்த சட்டைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தன. பாச்சை உருண்டை வாசம் காற்றில் அடித்தது. பல் போன கிழவர்கள், கைக்குழந்தைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பெண்கள் வரிசையின் கடைசியில் ஓர் ஆட்டுக்குட்டியும் நின்றது. அதை யார் கூட்டிவந்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

வரிசைக்கு முன்னால் காக்கிக் காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறையுமாக, பழைய தோட்டத்துக் கங்காணி, மண்டோர் வீராசாமி, விறைப்பாக நின்றார். ஒரு கையில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம், இன்னொரு கையில் பென்சில்.

குலசிங்கம் சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை இது? இவ்வளவு சனமும் பஸ்ஸிலை ஏறப் போகினமோ? அந்த ஆட்டுக்குட்டியும் சேர்த்தோ?"

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சேற்றில் பாதி தூரம் நான் ஏற்கெனவே போயிருந்தேன்.

கரி படிந்த கைக்குட்டை

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொன்னால்தான் என் மேல் உங்களுக்கு இரக்கம் வரும்.

எழுபதுகளில், மலேசியாவின் ஈப்போ பழைய டவுனில் ஒரு மாடி அறையில் எங்கள் அலுவலகம் இருந்தது. டவுனுக்கு வந்துபோகும் பாதைகளில் எங்கே பஸ் விடலாம், எத்தனை மணிக்கு விடலாம் என்று பார்த்துச் சிபாரிசு எழுதி மேலே அனுப்புவது எங்கள் வேலை. தலைவர் குலசிங்கம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்த எஞ்சினியர். மதியச் சாப்பாட்டில் இடியப்பமும் சொதியும் இல்லாத நாளில் அவர் கையெழுத்துகூடக் கோணலாகத்தான் விழும்.

திங்கட்கிழமை காலைகளில் அவர் ஒரு காரியம் செய்வார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து, எங்களிடம் நீட்டுவார். கரி அப்பியிருக்கும். "பாருங்கோ. இதைத்தான் நாங்கள் ஏழு நாளாச் சுவாசிச்சனாங்கள்" என்பார். அந்தக் கைக்குட்டையைத் துவைத்துப் போடுகிற அவர் மனைவியை நினைத்து நான் பாவப்படுவேன்.

அப்போது எங்கோ தூரத்து நாடுகளில் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடிவிட்டார்கள். இங்கே பெட்ரோல் விலை எகிறியது. அதுவரை சாரின் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள்கூட, எண்ணெயை மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கள் என்று அவரிடமே வந்தார்கள். அவருக்கு ஒரே மந்திரம்தான்: "ஒரு பஸ் ஓடினால் முப்பது கார் வீட்டிலை நித்திரை கொள்ளும்."

மின்சாரப் பஸ், சுத்தமான எரிசக்தி என்ற சொற்களெல்லாம் அப்போது கிடையாது. பின்னாளில் நான் பல ஊர்களில் உட்கார்ந்து மேசையைத் தட்டித் தட்டிப் பேசிய விஷயங்களின் தொடக்கம் அந்தக் கரி படிந்த கைக்குட்டைதான்.

ஊர் எது?

நான் அங்கே கணக்கெடுக்கும் உதவியாளர். படிவத்தைப் பலகையில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் பஸ்காரனைத் திட்டிக்கொண்டே நடக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். கடைசிக் கட்டம் படிவத்தில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சார் கேட்டார்: "பிள்ளைக்கு ஊர் எது?"

"புந்தோங், சார்."

பொய் என்று சொல்ல முடியாது. அப்பாவும் நானும் அப்போது ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில்தான் இருந்தோம். பக்கத்து வீட்டில் விடியற்காலையிலேயே கச்சான் கடலை வறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வாசத்தோடுதான் தலை வாருவேன், அந்த வாசத்தோடுதான் அலுவலகம் போவேன்.

ஆனால் நான் பிறந்து, பதினேழு வயதுவரை வளர்ந்தது பாலத்துத் தோட்டத்தில். அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. வெள்ளைக்காரர் போனபின் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா குழந்தைவேலு அங்கே ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்.

இதை ஏன் மறைத்தேன்? வெட்கத்தால்தான், வேறென்ன. அலுவலகத்தில் 'தோட்டத்து ஆக்கள்' என்று ஒரு சொல் அடிக்கடி விழும். கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்லும்போது மூக்கு லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கம் என் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என் காதைத் திருகத் தோன்றுகிறது.

பதினொரு பேர்

அந்த வருடம் ஒரு புதுப் பஸ் பாதைக்கு இடம் கிடைத்தது. ஒரே ஒரு பஸ். கேட்டு நின்ற ஊர்களோ இரண்டு.

ஒன்று, புதிதாகக் கட்டிய தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு. வரிசை வரிசையாகக் கல்வீடு, வாசலில் கார். அவர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, நாற்பது கையெழுத்தோடு மனு கொடுத்திருந்தார்கள்.

இன்னொன்று பாலத்துத் தோட்டம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, பால்மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் மட்டும் நின்றன. ஆண்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்துச் செம்பனைக் காட்டுக்குப் போனார்கள். பெண்கள் டவுனுக்கு வேலைக்குப் போனார்கள். முன்பு ஆள் ஏற்றிய தோட்டத்து லோரியும் நின்றுவிட்டது. அவர்கள் மனு எழுதவில்லை. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

லயத்திலிருந்து பெரிய சாலை முச்சந்திக்கு மூன்று கட்டை தூரம். மைலைத்தான் இங்கே கட்டை என்போம். சார் என்னை அங்கே கணக்கெடுக்க அனுப்பினார். போகும்முன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அங்கை உமக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ? இருந்தால் வேறை ஆளை அனுப்புவன்."

"இல்ல சார்." இந்த முறை அது முழுப் பொய்.

மூன்று நாள் போனேன். படிவத்தில் போட்டிருந்தபடி காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை முச்சந்தி நிறுத்தத்தில் நின்றேன். எதிரே சீன முதலாளி ஆ பூன் தவுக்கேயின் மளிகைக் கடை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மூன்று நாளும் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்குப் பதினொரு பேர். தாமானில் அதைப்போல மூன்று மடங்கு.

எழுதிக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அஞ்சலை அக்காவின் இரண்டு கோடு

அடுத்த வெள்ளிக்கிழமை புந்தோங் கோயில் வாசலில் ஒரு கை என் பின்னலைப் பிடித்து இழுத்தது. அஞ்சலை அக்கா. தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, சாக்கடைக் கானுக்குள் தள்ளிவிட்டவர்.

"ஏன்டி லெச்சுமி, மூனு நாளா முச்சந்தியில நின்னியாமே? தவுக்கே சொன்னாரு. வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சா கொறஞ்சா போயிருவே?"

"ஆபீஸ் வேலைக்கா. பஸ்ஸுக்கு ஆள் எண்ண வந்தேன்."

"எண்ணியா?"

"பதினொரு பேரு."

அக்கா இடுப்பில் கை வைத்தார். கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை. "ஏழு மணிக்கு வந்து எண்ணுனியா? ஏழு மணிக்கு நாங்க தையல் மெசின்ல ஒக்காந்திருப்போம்லா! லயத்த விட்டு அஞ்சு மணிக்கே கெளம்பிருவோம். தவுக்கே கட பின்னால சாப்பு காரு வரும். ஒரு கார்ல எட்டு பேரு, ஒம்பது பேரு, புளிமூட்ட கணக்கா அடச்சிக்கிட்டுப் போறோம். நீ என்னாத்தடி எண்ணுன?"

சாப்பு கார் என்றால் பெர்மிட் இல்லாமல் ஆள் ஏற்றும் கார். போலீஸ் கண்ணில் படக் கூடாது என்பதால் கடைக்குப் பின்னால்தான் நிற்கும். அவ்வளவும் ஓட்டை உடைசல். பின்னால் விடுகிற புகையைக் குலசிங்கம் சார் பார்த்தால் கைக்குட்டை பத்தாது, படுக்கை விரிப்பு வேண்டும்.

அக்காவின் குரல் பிறகு தணிந்தது. "அந்தக் காரு போன மாசம் ரெண்டு வாட்டி நடுச்சடக்குல படுத்துருச்சி. பேக்டரியில எம் பேருக்கு நேரா ரெண்டு கோடு போட்டுட்டான். மூனாவது கோடு விழுந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டான். வீட்டுக்காரரு முதுகு ஒடிஞ்சி படுத்திருக்காரு. நா போற வேலதான் இருக்கு, லெச்சுமி."

என் பதினொன்று என்ற எண் அவர் வேலையைப் பறிக்கப்போகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை சாரிடம் போய்க் கணக்கு தப்பு என்றேன். ஐந்து மணிக்கே சாப்பு காரில் போய்விடுகிறார்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். கேள்விப்பட்டேன் என்று மென்று விழுங்கினேன்.

"கேள்விப்பட்டதையும் சாப்பு காரையும் அறிக்கையிலை எழுதேலாது பிள்ளை. என்ரை கண்ணாலை எண்ணக்கூடிய மாதிரி ஒண்டைக் காட்டும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை நானே வாறன். புதன்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேணும்."

"அஞ்சரைக்கு வர முடியுமா சார்?"

"அஞ்சரைக்கோ? அது மனுசர் எழும்பிற நேரமே? ஆறரைக்கு வாறன்."

சாயங்காலமே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். ஒரே ஒரு நாள் எல்லாரும் ஆறரைவரை காத்திருங்கள், சார் கண்ணில் பட்டால் போதும், நானும் அங்கே இருப்பேன் என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாக்குறேன்லா" என்றார்.

பெரட்டு

தோட்டத்தில் ஒரு சேதியை ஒருவரிடம் சொன்னால் போதும். மறுநாள் காலைக்குள் அது காது மூக்கு முளைத்து நடக்கத் தொடங்கிவிடும். 'டவுனிலிருந்து ஒரு பெரியவர் ஆறரைக்கு வந்து ஆள் எண்ணப் போகிறார்' என்ற சேதி மண்டோர் வீராசாமியிடம் போய்ச் சேர்ந்தது.

ஆள் எண்ணுவது என்றால் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். பெரட்டு. வேலைக்குப் போகுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் 'ஆஜர்' சொல்ல வேண்டும். நாற்பது வருடம் அப்படி நின்ற உடம்புகள். என் அப்பா புந்தோங்குக்கு வந்த பிறகும் நாலரைக்கு எழுந்து வாசலில் போய் நிற்பார். எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்பார்.

ஓய்வுபெற்றுக் கோழி வளர்த்துக்கொண்டிருந்த மண்டோருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் விடுவாரா? பழைய காக்கியைத் தேடி எடுத்தார். கடையில் புது நோட்டு வாங்கி, தோட்டத்துப் பெரியவர்கள் அத்தனை பேர் பெயரையும் எழுதினார். கோயில் பக்கத்துப் பழைய பெரட்டுக் களத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னார்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், சேற்றில் ஒரு காலும் காரில் ஒரு காலுமாக நின்ற குலசிங்கம் சாருக்கு முன்னால் பெரட்டு தொடங்கியது.

"ஆறுமுகம்!"

"ஆஜர்!"

"சின்னக்கண்ணு!"

"ஆஜர்!"

நான் வரிசையில் அஞ்சலை அக்காவைத் தேடினேன். காணவில்லை. பாப்பாத்தி அக்கா இல்லை. தனம் இல்லை. தையல் பேக்டரிக்கும் கோப்பிக் கடைகளுக்கும் போகிற ஒருத்தி முகமும் அங்கே இல்லை. செம்பனைக் காட்டுக்குப் பிந்திப் போகலாம் என்று நின்ற ஆண்கள் உட்பட, பஸ் வேண்டாதவர்கள் எல்லாரும் ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தார்கள். பஸ் வேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லை.

எனக்கு அக்காமேல் கோபம் பொங்கியது. உனக்காகத்தானே இவ்வளவும், ஒரு நாள் நிற்க முடியாதா என்று உள்ளுக்குள் திட்டினேன்.

"அஞ்சலை!" என்று கூப்பிட்டார் மண்டோர். பதில் இல்லை. பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு பெருக்கல் குறி போட்டார்.

இப்படியே போனது. கடைசிப் பக்கம் வந்தது.

"லெச்சுமி! கொழந்தவேலு மவ!"

நானும் வருவேன் என்று சொன்னேனல்லவா, அதை அவர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். சார் எனக்கு இரண்டடி தள்ளி நின்று கைக்குட்டையால் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் நான் மிஸ் வேலு. லெச்சுமி யார் என்று அவருக்குத் தெரியாது.

"லெச்சுமி!" மண்டோர் மறுபடி கூப்பிட்டார். நேராக என் முகத்தைப் பார்த்தே கூப்பிட்டார்.

நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன்.

மண்டோர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு குனிந்து ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தப் பென்சில் தாளில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளைக்காரத் துரைகளுக்கே பயப்படாத அந்த மனிதர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

நோட்டை இரண்டு கையாலும் சாரிடம் நீட்டினார். "ஐயா, ஆள் வராதது முப்பத்தஞ்சு. மத்ததெல்லாம் ஆஜர்."

தவுக்கே கடைப் பலகை

காரில் ஏறியதும் சார் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். சடக்கு என்று நாங்கள் சொல்லும் செம்மண் சாலையில் மூன்று கட்டையும் குலுங்கிக் குலுங்கி வந்தோம். முச்சந்திக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"இது சோடிச்ச கூத்து, பிள்ளை. உமக்கு நல்ல மனசு எண்டு எனக்குத் தெரியும். ஆனால் உந்தக் கிழவனும் ஆட்டுக்குட்டியும் அஞ்சு மணிக்கு எங்கை போகப் போகினம்? பஸ் தாமானுக்குத்தான். முதலிலை இந்தச் சப்பாத்தைக் கழுவ வேணும், டிரைவரிட்டை காரை நிப்பாட்டச் சொல்லும்."

ஆ பூன் தவுக்கே கடையில் நிறுத்தினோம். தவுக்கே எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். சாரின் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வாங்க வாங்க, தண்ணி பின்னால இருக்கு" என்று கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே தாழ்வாரத்தின் கீழ் சுவரோரமாக ஒரு நீளப் பலகை. அதன்மேல் ரப்பர் சிலிப்பர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஈரச் செம்மண். ஒரு வாரில் சிவப்பு நூல், இன்னொன்றில் சட்டைப் பொத்தான், மற்றொன்றில் துணிக் கிழிசல். யாருடையது எது என்று தெரிய அடையாளம்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இது ஆரின்ரை செருப்பு?" என்றார் சார்.

"பேக்டரி போற பொம்பளைங்கலா. இந்தச் சேத்துல சப்பாத்து போட்டு நடக்க முடியுமா? சிலிப்பர் போட்டு வருவாங்க, இங்க கால் கழுவிட்டு சப்பாத்து மாத்திப் போவாங்க. சாயங்காலம் வந்து எடுப்பாங்க. இன்னிக்கு எல்லாரும் ஓடுனாங்க. அஞ்சல அழுதுகிட்டே போச்சி."

"ஏன்?" என்றேன்.

"ஆறரைக்கு நிக்கச் சொன்னாங்களாம். நின்னா கேட் மூடிருவான், மூனாவது கோடு. நிக்காட்டி பஸ்சு வராது. என்னா செய்யுறதுன்னு அழுதுச்சி. பாவம்லா."

பலகையின் நடுவில் நீல நூல் சுற்றிய ஒரு ஜோடி இருந்தது. அக்காவுக்கு நீலம்தான் பிடிக்கும். வேலையைக் காப்பாற்ற ஓடுகிறவளை, வேலையை விட்டுவிட்டு வந்து நில் என்று சொல்லியிருக்கிறேன் நான். அதற்கு மேல் கோபம் வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் அதே பலகையில்தான் நானும் சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் அந்தக் கடைக்கு எதிரிலேயே படிவத்தோடு நின்றேன். பின்பக்கம் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தை மறைக்கப் பாடுபட்டதில் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

கணக்கு

சார் சப்பாத்தைக் கழுவவில்லை. சேற்றுக் காலோடு பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினார். திரும்பி வந்து மறுபடி எண்ணினார்.

"முப்பத்துநாலு சோடி."

பிறகு அக்குளில் இடுக்கியிருந்த மண்டோரின் நோட்டை எடுத்தார். பெருக்கல் குறிகளை எண்ணினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "வராத ஆக்கள்தான் பஸ்ஸுக்குப் போற ஆக்கள்! கிழவன் சோடிச்சுக் காட்டேல்லை, பிள்ளை. சரியாத்தான் பதிஞ்சிருக்கிறான்!"

அடுத்த நிமிடம் அந்த வெளிச்சம் குறைந்தது. "ஆனால் செருப்பு முப்பத்துநாலு. வராத பேர் முப்பத்தஞ்சு. ஒண்டு இடிக்குதே. கணக்கு ஒத்துவராமல் நான் கையெழுத்துப் போட மாட்டன். அந்த முப்பத்தைந்தாவது ஆள் ஆர்?"

தவுக்கே என்னைப் பார்த்தார். அவருக்கு என்னை ஏழு வயதிலிருந்து தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்தில் எல்லாருமாகச் சேர்ந்து என் பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொந்த ஊரை எண்ணிவிட்டுச் சொந்தக்காரர் இல்லை என்று சொன்னவள் என்றாகிவிடும். வேலை போகலாம். சொல்லாவிட்டால் பஸ் தாமானுக்குப் போகும். நீல நூல் சிலிப்பரை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"நான்தான் சார்."

"என்ன?"

"முப்பத்தைந்தாவது பேரு நான்தான். லெச்சுமி, கொழந்தவேலு மக. நான் பிறந்தது இந்தத் தோட்டத்துலதான். கூப்பிட்டாங்க, நான்தான் ஆஜர் சொல்லல."

சார் நோட்டில் அந்தப் பெயரைத் தேடினார். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"அப்ப கணக்குச் சரி" என்றார்.

காரில் போகும்போதுதான் திட்டினார். நன்றாகவே திட்டினார். ஈப்போ வரும்வரை திட்டினார். யாழ்ப்பாணத்துத் தமிழில் திட்டுக்கும் ஒரு மரியாதை இருக்கும், 'நீர்', 'உமக்கு' என்றேதான் விழும். கடைசியில், "இது நான் எண்ணின கணக்கு. என்ரை பேரிலைதான் போகும். உம்மட பேர் இதிலை வராது. நாளைக்கு ஒபிசுக்கு வந்து எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஊர்ப்பேரைச் சரியாச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். சிலருடைய மூக்கு சுருங்கத்தான் செய்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொஞ்ச நேரத்தில் அது தானாக விரிந்துவிட்டது.

நடுவே ஒரு வார்த்தை

போன மாதம் வெளியூர் ஒன்றில் மின்சாரப் பஸ் பற்றி ஒரு கூட்டம். படித்த பிள்ளைகள் திரையில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினார்கள். யார் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று கோடு கோடாக ஓடியது. நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பேசச் சொன்னபோது, "இந்தக் கோடு தொடங்குமுன் இவர்கள் செருப்பை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள்?" என்று கேட்டேன். கிழவிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண் மட்டும் குறித்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

முதல் பஸ்

மழைக்காலம் முடிந்து பஸ் வந்தது. முச்சந்தியிலிருந்து அல்ல, தோட்டத்துக் கோயில் வாசலிலிருந்தே புறப்பட வேண்டும், பேக்டரி கேட் மூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்று சார் அறிக்கையில் அழுத்தி எழுதியிருந்தார். சடக்கில் கல் கொட்டினார்கள். அங்கே கிளம்பும் பஸ் போகிற வழியில் தாமானுக்குள்ளும் நுழையும். பெட்ரோல் விலை இன்னும் ஏறியதும் கார் வைத்திருந்த தாமான்காரர்களே அதில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. தவுக்கே பலகையைக் கழுவி வாழைப்பழம் அடுக்கினார். பலகைக்கு இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் நல்ல காலம் என்றார்.

முதல் நாள் விடியலில் நானும் போயிருந்தேன். அப்பாவும் வந்தார். குலசிங்கம் சாரும் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் சிலிப்பர். பாலிஷ் போட்ட சப்பாத்தைக் காகிதப் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தார்.

பெண்கள் வேலைக்குப் போடும் சப்பாத்தோடு வீட்டிலிருந்தே வந்து ஏறினார்கள். அஞ்சலை அக்கா படியில் நின்று தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். துளி செம்மண் இல்லை. மூன்றாவது கோடு விழவே இல்லை. என் கன்னத்தைக் கிள்ளி, "நிக்காம ஓடிட்டேன்னு கோவமாடி?" என்று கேட்டார். நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

டிரைவர் இஞ்சினை முடுக்கினார். பஸ் நகரவில்லை. நகர முடியாது. மண்டோர் வீராசாமி காக்கி உடுப்பில், சார் திருப்பிக் கொடுத்த நோட்டும் பென்சிலுமாகப் படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நேரமாவுதுலா!" என்றார் டிரைவர்.

"பெரட்டு எடுக்காம எந்த வண்டியும் இங்கிருந்து போனதில்ல" என்றார் மண்டோர்.

கூப்பிட்டார். பாப்பாத்தி, தனம், அஞ்சலை. ஒவ்வொரு பெயருக்கும் பஸ்ஸுக்குள்ளிருந்து 'ஆஜர்' வந்தது, சிரிப்போடு. முப்பத்துநான்கும் முடிந்தது. மண்டோர் பக்கத்தைப் புரட்டினார். வட்டம் போட்ட பெயருக்கு வந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"லெச்சுமி! கொழந்தவேலு மவ!"

"ஆஜர்!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்றால், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கிவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டோர் பென்சிலை நாக்கில் தொட்டார். பழைய பெருக்கல் குறியை அழுத்தி அடித்தார். நோட்டை மூடிவிட்டுப் படியிலிருந்து இறங்கினார்.

"போலாம்" என்றார்.